பேராதனையிலிருந்து மலை நோக்கி: தனித்துச் செல்லும் பறவை நோக்காளருக்கு

பறவை காணும் நோக்குடன் மலைநாட்டுக்கு வருவோரிற் பெரும்பாலோர் கண்டியிலிறங்கி, மறுநாளே நுவரெலியாவுக்கு விரைந்து, அதற்கும் மறுநாள் ஹோட்டன் சமவெளியில் விடியற்பொழுதைக் கழித்து, பட்டியலில் எத்தனை பெயர்களுக்கு நேரே கோடிட்டோம் என்று எண்ணிப் பார்த்த திருப்தியோடு கொழும்புக்கு மீண்டுவிடுகின்றனர். வாகனமும் வழிகாட்டியும் அமர்த்திக் குழுவாக வருபவர்களுக்கு இவ்வேற்பாடு ஒருவாறு பொருந்தக்கூடும். ஆனால், துணை எவருமின்றி, பஸ் வண்டியையும் தம் கால்களையுமே நம்பி வருகின்ற ஒருவருக்கு இதைக்காட்டிலும் சிரமம் மிகுந்ததும் பயன் குறைந்ததுமான பிரயாணத் திட்டம் வேறொன்று இருக்குமென்று நான் நினைக்கவில்லை. அவர் பேராதனையில் ஓர் எளிய விடுதியை நிலைக்களமாகக் கொண்டு, எட்டுப் பத்து நாட்களையேனும் ஒதுக்கி, மகாவலி கங்கை வளைந்தோடும் 460 மீற்றர் உயரத்திலே தொடங்கி, உயரம் ஏற ஏறப் பட்சிகள் எவ்வாறு ஒன்றுக்கொன்று இடங்கொடுத்து மாறுகின்றன என்பதைக் கண்ணாலும் காதாலும் உணர்ந்தவாறு படிப்படியாக மேலே செல்வதே உசிதம் என்பது இவ்வத்தியாயத்தின் துணிபு.

இம்மலைகளின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்திராதவருக்கு, பறவைகள் ஓரிடத்தில் செறிந்தும் மற்றோரிடத்தில் அறவே இல்லாமலும் இருப்பதன் காரணம் விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பிப் பயிருக்காக நடுமலைக் காடுகள் சாரிசாரியாக வெட்டி வீழ்த்தப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய பின்னர் அதே சரிவுகளிலே தேயிலை குடியேறிற்று. உச்சிக் காடுகளுக்கும் அக்கதியே நேர்ந்திருக்கும். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளில் கைவைத்தல் கூடாதென்று தாவரவியலறிஞர் சேர் யோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனை 1873இல் ஏற்கப்பட்டதனாலேயே அவற்றுட் பெரும்பகுதி பிழைத்தது. ஆகவே பிரயாணி இன்று காண்பது கீழே பூங்காவும் ஆற்றங்கரையும் தப்பிப் பிழைத்த சிறு வனத் துண்டுகளும், மேலே பாசி படர்ந்த குள்ளமரக் காடும், இவற்றுக்கிடையே மைல் கணக்கிற் பரந்த தேயிலையுமேயாம். இலங்கைக்கே உரியனவாக முப்பதுக்கு மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன. அவற்றுள் மேட்டுக் காட்டை விட்டு இறங்காதவற்றைத் தேயிலைச் செடிகளினூடே தேடி அலைபவர் அட்டைக்கடி ஒன்றையே ஊதியமாகப் பெறுவார்.

காலத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை உள்ள மாதங்களே சிலாக்கியமானவை. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இன்னும் திரும்பியிராத காலமுமாகும், கண்டியை ஐப்பசி கார்த்திகையில் நனைக்கும் பெருமழை ஓய்ந்த காலமுமாகும். வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை விடாது அறையும். எசல பெரஹரா நடைபெறும் ஆடி, ஆவணி நாட்களில் கண்டியில் அறை கிடைப்பது அரிது, கிடைப்பினும் வாடகை பன்மடங்காகும். சித்திரைப் புத்தாண்டையொட்டிய வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது நுவரெலியாவிற் பறவைக்கே இடமிராது. எந்த மாதமாயினும், இரவு முழுவதும் மழை பெய்திருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறியாது மலைப்பாதையிற் புறப்படலாகாது. துணையோடு செல்பவருக்கு இது புத்திமதி. தனியே செல்பவருக்கு விதி.

உபகரணங்களுள் முதன்மையானது தூரதிருஷ்டிக் கண்ணாடி. எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முகப்பு விட்டமும் உடையதே மலைக் காட்டுக்கு ஏற்றது. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார்; ஏற்றத்தில் மூச்சுவாங்கி நிற்கும்போது கைநடுக்கமும் அதே மடங்கில் பெருகும் என்பதையும், நோக்கும் பரப்புக் குறுகி, கிளைக்குக் கிளை தாவும் சிறு குருவியைப் பிடிப்பது கடினமாகிவிடும் என்பதையும் அவர் சொல்லமாட்டார். மழைச்சட்டையைக் காட்டிலும் குடையே மேலானது என்பது என் அபிப்பிராயம். சட்டை நடக்கும்போது சரசரத்துப் பறவையை ஓட்டும், குடையோ விரித்து நின்றால் ஒரு சிறு மறைவிடமாகவும் அமையும். அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணிக் காலுறையும், அதன்மேல் தடவச் சித்தாலேப தைலமும் போதும். நூல்களில், தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்த ஜி. எம். ஹென்றி எழுதி 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய வழிகாட்டியை விடுதியில் இரவு நேரத்திற் படிப்பதற்கும், ஜோன் ஹரிசன் எழுதி 1999இல் வெளிவந்த கைந்நூலைப் பையிற் கொண்டு செல்வதற்கும் சிபாரிசு செய்வேன். ஹென்றி பறவையின் நடையையும் குணத்தையும் வருணிக்கும் நேர்த்தியைப் பிற்காலத்து நூல்களிற் காண்பதரிது. ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலிகள் பயிற்சிக்கு உதவும். ஆனால் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே இழுப்பது, அதிலும் கூடு கட்டும் பருவத்திலே, பண்புடையோர் செய்யத் தகாதது.

முதலிரு நாட்களையும் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு அளித்தல் வேண்டும். 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பிலே தொடங்கிய இப்பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது; மூன்று புறமும் மகாவலியால் சூழப்பட்டது. வாயில் திறப்பது காலை ஏழரை மணிக்கு; பறவைகளோ ஆறு மணிக்கே விழித்துவிடும். ஆதலால் விடியலிலே எழுந்து பல்கலைக்கழகத்தையொட்டிய வீதிகளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பின்னர் பூங்காவுக்குள் நுழைவதே கிரமம். உள்ளே சென்றதும் எல்லாவற்றையும் ஒரே நாளிற் சுற்றிவிட வேண்டுமென்ற சபலத்தை அடக்கி, ஆற்றையொட்டிச் செல்லும் பாதையிலோ, பழுத்த ஆலமரம் அல்லது அத்திமரம் ஒன்றின் எதிரிலோ அமர்ந்துவிடுதல் நன்று. கனி பழுத்த மரத்துக்கு வராத பறவை இல்லை. மஞ்சள் நெற்றியுடைய குக்குறுவான், பின்கழுத்தில் மஞ்சள் தோல் மடிப்புடைய இலங்கை மலை மைனா, தலைகீழாகத் தொங்கியபடியே பழத்தைக் கொத்தும் செந்தலைச் சிறுகிளி ஆகிய மூன்றும் இந்நாட்டுக்கே உரியவை. மூன்றும் வந்து போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே காணக்கூடும். ஆற்றின் பக்கம் திரும்பினால் மீன்கொத்திகளும் நீர்க்காகங்களும். மரவுச்சிகளில் ஆயிரக்கணக்கிற் பழந்தின்னி வௌவால்கள் தொங்கிக்கொண்டு பகலெல்லாம் சண்டையிடும். அந்த இரைச்சலுக்கிடையே சிறு குரல்களைப் பிரித்துக் கேட்கப் பழகுவது பின்னர் காட்டில் மிகவும் உதவும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. பூங்காவின் மூலைமுடுக்குகளிற் குடைகளின் கீழே இளஞ்சோடிகள் அமர்ந்திருப்பது வழக்கம். கண்ணாடியைக் கண்ணிலே வைத்துக்கொண்டு புதர்ப்பக்கம் உற்றுநோக்கும் தனி மனிதரைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. குறிப்புப் புத்தகத்தையும் படங்களுள்ள பறவை நூலையும் வெளியிலே தெரியும்படி கையில் வைத்திருப்பது பல சங்கடங்களைத் தவிர்க்கும். சனி, ஞாயிறு, போயா தினங்களிற் பூங்காவுக்குப் போகாதிருப்பது அதனினும் நல்லது.

பூங்காவை விட்டால் அடுத்தது ஹந்தானை மலைத்தொடர். கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் 1952இல் இங்கு இடம்பெயர்ந்தபோது இம்மலையின் அடிவாரமே அதற்கு வாய்த்தது. வளாகத்துப் பக்கமிருந்து ஏறலாம். கண்டி நகரத்திலிருந்து தேயிலை அரும்பொருட்காட்சிச் சாலையைக் கடந்து செல்லும் வீதியாலும் ஏறலாம். தனிவழி செல்பவருக்கு இரண்டாவது வழியே பாதுகாப்பு. ஆள் நடமாட்டம் உண்டு. பைன் மரங்கள் நட்ட பகுதிகளிற் பொழுதைப் போக்காதீர்கள்: பார்க்க அழகு, பறவைக்கு உணவில்லை. பைனும் தேயிலையும் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில் நின்று வானத்தை நோக்குங்கள். வெயிலேறி, அடிவாரத்து வெப்பக்காற்று மேலெழத் தொடங்கும் ஒன்பது மணியளவில், சிறகசைக்காமல் சரிவைத் தடவினாற்போல் மிதந்து செல்லும் கருங்கழுகையும், இரட்டைக் குரலெழுப்பி வட்டமிடும் பாம்புக் கழுகையும் காணும் சந்தர்ப்பம் மிகுதி.

தமிழ் பேசும் பிரயாணிக்கு இங்கே வேறெவருக்கும் கிட்டாத ஓர் அநுகூலம் உண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்; வழியையும் வானிலையையும் அபாயத்தையும் அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்களைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல், “அம்மா, இந்தப் பாதையில மேல போகலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். “போகலாந்தான் தம்பி, அந்த ஆறாம் நம்பர் மலையில குளவி கலைஞ்சிருக்கு, கான் ஓரமா சுத்திப் போங்க” என்று வரும் பதில் எந்த வரைபடத்திலும் இராது. குளவிக் கொட்டினால் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்த செய்திகள் மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படுபவை; சிறுத்தையையும் பாம்பையும் எண்ணி அஞ்சுகின்ற நகரத்தார் குளவியை எண்ணுவதேயில்லை. குளவி கிளம்பினாற் கையை வீசாது, குனிந்து, வந்த வழியே விரைந்து திரும்புவதே செய்யத்தக்கது. ஒவ்வாமை உடையவர்கள் மருத்துவரிடம் கேட்டு மருந்து வைத்திராமல் தேயிலைக்குள் தனியே செல்லக்கூடாது. தம்மிடம் வழி கேட்டவரை அத்தொழிலாளர் மறப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மாலைக்குள் திரும்பி வராவிட்டால், “காலையில் ஒருத்தர் மேல போனாரே” என்று சொல்ல ஒருவரேனும் இருப்பார்.

தலதா மாளிகைக்குப் பின்னே நகரத்தின் தலைமேல் அமைந்திருக்கும் உடவத்தகெலே, 1938இல் சரணாலயமாக்கப்பட்ட, ஏறத்தாழ 104 ஹெக்டேயர் வனம். அதனூடே செல்லும் பிரதான பாதை தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் மனைவியின் பெயரால் வழங்குகிறது. மேலே நாம் செல்லவிருக்கும் சமவெளிக்கும் அத்தேசாதிபதியின் பெயரே இடப்பட்டது. காட்டினுள் பிக்குகளின் தபோவனங்கள் உள. குரலெழுப்பாது கடந்து செல்க. இவ்வனத்திலே கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்கு மிகுதி. விதானத்தின் அடர்த்தியால் ஒளி கீழே இறங்காது. பழுப்புத் தலைச் சிறு புலுனி உலர்ந்த சருகுகளைக் கிளறும் ஓசை கேட்கும், பறவை தெரியாது. குளத்தருகே ஓரிடத்தைத் தெரிந்து, அமருமுன் சருகைக் கோலாற் கிளறிப் பார்த்து (காய்ந்த இலையின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் மேல்நோக்கிய மூக்குடைய சிறு விரியன் இக்காடுகளிற் சாதாரணம்), அரைமணி நேரம் அசையாதிருந்தால், அப்போது காடு தன் இயல்புக்குத் திரும்பும். இருவராகச் சென்றால் இந்த அரைமணி நேரம் வாய்க்காது. ஒருவர் பேசியே தீருவார். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி இங்கே வந்து தங்குகிறது. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து சித்திரையில் மீளும் இப்பறவை காலையிலும் மாலையிலும் பொழுது மங்கும் வேளையில் இருசீர்ச் சீழ்க்கை ஒன்றை எழுப்பும். குரல் வந்த திசையைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் முன்கூட்டியே சென்று அமர்பவருக்கு அது புலப்படும். குரலைத் துரத்திச் செல்பவருக்கு ஒருபோதும் புலப்படாது.

இனி, தும்பறை என்றும் நக்கிள்ஸ் என்றும் வழங்கும் மலைத்தொகுதி. 1,906 மீற்றர் உயரமுள்ள கொம்பனியா சிகரத்தைத் தன்னகத்தே கொண்ட இத்தொகுதி, ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலை வனம் ஆகியவற்றோடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியாகச் சென்று ஹுன்னஸ்கிரியவிற் பிரிந்து கோர்பெட்ஸ் கணவாய்ப் பக்கம் ஏறுவது ஒரு வழி. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை மார்க்கமாக ரிவர்ஸ்டனுக்குச் செல்வது மற்றொன்று. பஸ்ஸிலேயே செல்லக்கூடியவை இரண்டும். ஆனால் மாலை பஸ்ஸின் நேரத்தை நடத்துநரிடம் இறங்கும்போதே கேட்டறிந்து கொள்ளாதவர் இரவைக் கடைத்திண்ணையிற் கழிக்க நேரும். வீதியோரத்தோடு நிற்பதற்குத் துணை வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காட்டினுட் செல்லும் ஒற்றையடிப் பாதைகளுக்கு வனபரிபாலனத் திணைக்களத்தின் அநுமதிச் சீட்டு அவசியம். அப்பாதைகளில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுமாறே கூறுவேன். பத்து நிமிடத்திற் பனிமூட்டம் இறங்கிப் பாதையை விழுங்கிவிடும், பல இடங்களிற் கைத்தொலைபேசி வேலை செய்யாது. ஏகாந்தத்தை விரும்புவோரும் இவ்விடத்தில் ஏகாந்தத்தைச் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும். காவல்துறைக்கு 119, அம்பியூலன்சுக்கு 1990 என்ற இலக்கங்களைப் புறப்படுமுன் விடுதியிலேயே பதிந்து கொள்க. செல்லும் பாதையின் பெயரை எழுதி விடுதிக்காரரிடம் கொடுத்துச் செல்க.

பழைய ஏலத்தோட்டங்களின் நிழலில் நடக்கும்போது நெடுநேரம் ஒரு பறவையும் இராது. திடீரென ஒரே வேளையில் பத்துப் பதினைந்து இனங்கள் மரத்தின் அடியிலிருந்து உச்சி வரை நிறைந்து, சில நிமிடங்களில் மறைந்துவிடும். இது கலப்புக் கூட்டம். செம்மஞ்சள் அலகுடைய புலுனிகள் கூச்சலிட்டு முன்செல்ல, கொண்டைக் கரிச்சான் காவலாளியாய்ப் பின்தொடர, ஏனையவை அவற்றின் பாதுகாப்பை நம்பி உடன் செல்கின்றன. சிங்கராஜ வனத்தில் இக்கூட்டங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த சரத் கொட்டகமவும் ஈபன் குட்டேலும், கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்து அவற்றைத் தன்பால் ஈர்க்கிறதென்று கண்டனர். ஆகவே கரிச்சானின் குரல் கேட்டதும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கூட்டம் நகரும் திசையைக் கணித்து, சற்று முன்னே சென்று நின்று, முதலிற் கீழ்க் கிளைகள், பின் நடுக் கிளைகள், இறுதியில் உச்சி என்ற முறையிற் பாருங்கள். பெயர் தெரியாத பறவையில் நேரத்தை இழக்காமல் அதன் அலகு, கண்வளையம், வால் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

அதிருஷ்டமிருந்தால் இம்மலைகளில் இலங்கை நீல வால்காக்கை எதிர்ப்படும்: செவ்வலகு, செங்கபிலத் தலை, மேனியெல்லாம் நீலம். இதன் சுற்றத்தார் இமயத்திலும் தென்சீன மலைகளிலும் தாய்வானிலும் வாழ்கின்றனர். யுன்னானிலோ சிச்சுவானிலோ மலைப்பாதையில் நடந்தவருக்குச் செவ்வலகு நீல வால்காக்கை பழக்கமானதே. ஆயினும் இடையிலுள்ள தென்னிந்தியாவில் இப்பேரினத்தார் ஒருவரும் இல்லை. தென்சீனத்துக்குப் போக வசதியில்லாத நம்மவர், அந்நாட்டுப் பறவைகளின் உறவினர் ஒருவரைக் காண ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினாற் போதும் என்பது சிறு ஆறுதலன்று.

இறுதிப் படி நுவரெலியா. கண்டியிலிருந்து 77 கிலோமீற்றர். பஸ் பேராதனையைக் கடந்தே செல்வதால் கண்டி பஸ் நிலையத்துக்கு மீண்டும் போக வேண்டியதில்லை, எனினும் இருக்கை வேண்டுவோர் அங்கே ஏறுவதே நலம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரில் விக்டோரியா பூங்காவே பறவை நோக்காளரின் தலம். நகர மத்தியில், பிள்ளைகளின் விளையாட்டு இரயிலுக்கும் பூப்பாத்திகளுக்கும் அப்பால், கலங்கிய ஓடை ஓடும் மூலையிலே, கலப்பு நிறமுடைய வெண்புருவப் பூங்குருவி மாலை ஐந்து மணிக்குப் பின் சேற்றிலே இரை தேட இறங்கும். காஷ்மீரிலேயே பெரும்பாலும் கூடு கட்டி, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் வரும் செந்தொண்டை ஈப்பிடிப்பானும் அப்பூங்காவின் மரங்களிலேயே கிடைக்கும். ஓடையின் துர்நாற்றத்தைப் பொறுத்துக்கொள்பவருக்கே அவ்விடம் பலன் தரும்.

ஹோட்டன் சமவெளிக்குத் தனியே போவோர் எதிர்கொள்ளும் பிரச்சினை பணம். 1988இல் தேசிய வனமாக்கப்பட்ட, 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வெளியில் விடியலில் நிற்க வேண்டுமாயின் இரவோடிரவாக நுவரெலியாவில் வாகனம் பிடித்தாக வேண்டும். ஒருவருக்காக முழு வாகனத்தின் கூலியையும் கொடுப்பது பெருஞ்செலவு. விடுதியில் முதல்நாள் மாலையே வேறு யாரேனும் செல்கின்றனரா என விசாரித்துப் பகிர்ந்து கொள்ளலாம். ஆனால் உடன் வருவோர் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையைப் பார்க்கவே விரைவர் என்பதை நினைவில் வைத்து, பட்டிப்பொல வாயிலைக் கடந்ததும் வீதியோரத்து அரெங்கா குளத்தில் முதலிலே நிறுத்த வேண்டுமென்று சாரதியிடமும் அவர்களிடமும் பேசி முடிவுசெய்துகொண்டே புறப்பட வேண்டும். கோப்பித் தோட்டக்காரரான சாமுவேல் பிளை என்பவரின் பெயரால் 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் விவரித்த இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி, கருநீலத் தோளுடன், அக்குளத்தின் விளிம்பில், வெளிச்சம் பரவுவதற்கு முன்னுள்ள சில நிமிடங்களில் மாத்திரமே வெளிவரும். கதவைத் திறக்காமல் வண்டிக்குள்ளிருந்தபடியே பார்ப்பது நல்லது. அதன்பின் வீதியோரப் புதர்களில் மஞ்சட்காதுச் சின்னானும், மங்கிய நீல ஈப்பிடிப்பானும், இலங்கை வெள்ளைக்கண்ணியும் தேடாமலே கிடைக்கும். தை மாதத்தில் புல்லிலே உறைபனி படிந்திருக்கும். கையுறை இல்லாதவர் கண்ணாடியைப் பிடிக்க முடியாது. பத்து மணிக்குள் மேகம் ஏறிவிடுவது வழக்கமாதலால், சுற்றுப்பாதை முழுவதையும் நடக்க எண்ணாது அதற்குள் திரும்பி, பிற்பகலை ஹக்கலைப் பூங்காவுக்கு வைத்துக்கொள்க. சீழ்க்கைப் பூங்குருவி முதல்நாள் தவறியிருந்தால், மறுநாளும் அதே குளத்துக்குச் செல்வதே முறை. வேறிடம் தேடுவது வாகனக் கூலியை இரட்டிப்பதாகவே முடியும்.